4.40-க்கு விடியாது

குரல் வழக்கத்தைவிடத் தணிவா இருக்கும், பொறுத்துக்கோங்க. பக்கத்து ரூம்ல பாப்பா தூங்குறா. கதவுக்கு அடியில ஒரு பழைய துண்டைச் சுருட்டி வச்சுட்டுத்தான் மைக்கை ஆன் பண்ணிருக்கேன்.

இன்னைக்கு டெக் பேசப்போறதில்ல. 2025 ஜனவரியில ஆரம்பிச்சு மூணு மாசம் எங்க வீட்டுல ஓடுன ஒரு பிரச்சினையைப் பத்திப் பேசப்போறேன். அப்ப பாப்பாவுக்கு ஒரு வருஷம் பத்து மாசம். தினமும் காலையில 4.40-க்கு முழிச்சிருவா. 4.35, 4.45னு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், அவ்வளவுதான். அழுதுக்கிட்டெல்லாம் எந்திரிக்க மாட்டா. எந்திரிச்சு உக்காந்து, என் மூக்கைப் பிடிச்சு இழுத்து, "ப்பா, பால்"னு சொல்லுவா. முழு எனர்ஜி. கேக்குறதுக்கு அழகா இருக்குல்ல? பதினஞ்சாவது நாள் கேட்டா அழகா இருக்காது.

குழந்தை இல்லாதவங்க ஸ்கிப் பண்ணிராதீங்க. தூக்கம் எப்படி வேலை செய்யுதுங்கிற பாதி உங்களுக்கும் சேர்த்துத்தான்.

எங்க வீடு கோரிப்பாளையத்துல, ரெண்டாவது மாடி. மொட்டை மாடிக்குப் போனா தர்கா குவிமாடம் தெரியும். எனக்கு அமெரிக்கா கிளையன்ட். ராத்திரி கால் முடிஞ்சு லேப்டாப்பை மூடும்போது மணி 12.30 ஆயிரும். என் மனைவி டீச்சர். எட்டேகாலுக்கு அவ ஸ்கூல்ல இருக்கணும். பகல்ல பாப்பா சிம்மக்கல்ல எங்க அம்மா வீட்டுல, அதாவது அவ அப்பத்தாகிட்ட இருப்பா. காலையில ஏ.வி. பாலத்தைத் தாண்டிப் போய் விட்டுட்டு வர்றது என் வேலை.

"மதுரைக்காரன் பிள்ளை, தூங்கா நகரத்துல பிறந்துட்டுத் தூங்குமா?"னு ஆபீஸ்ல ஒருத்தர் விடாம எல்லாரும் இந்த ஜோக்கை அடிச்சாய்ங்க. முதல் நாள் நானும் சிரிச்சேன்.

அப்புறம் ஒரு நாள் பாலத்து மேல அது நடந்துச்சு. பாப்பா கேரியர் பெல்ட்ல என் நெஞ்சோட கட்டியிருக்கா. ஸ்கூட்டர் மெதுவாத்தான் போகுது. பாலத்தோட ஆரம்பம் ஞாபகம் இருக்கு. அடுத்து ஞாபகம் இருக்கிறது, முன்னாடி நின்ன ஷேர் ஆட்டோவோட பின்பக்கம், ஒரு முழ தூரத்துல. நடுவுல இருந்த ஒண்ணு ரெண்டு செகண்ட் என்கிட்ட இல்ல. கண்ணு மூடினது எனக்கே தெரியல. பிரேக்கைப் பிடிச்சு, வண்டியை ஓரங்கட்டி, கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பாப்பா ஆத்துக்குள்ள இறங்கின மாட்டைப் பாத்து "மா, மா"ன்னு சிரிச்சுக்கிட்டிருந்தா. இதுக்குப் பேரு மைக்ரோ ஸ்லீப். தூக்கம் ரொம்பக் குறைஞ்சா மூளை நம்மளைக் கேக்காம சில செகண்ட் ஆஃப் ஆகும். அன்னைக்கு சாயங்காலமே வீட்டுல சொல்லிட்டேன். அவ எதுவும் பேசல. ரொம்ப நேரம் கழிச்சு, "நாளையில இருந்து ஆட்டோல கூட்டிட்டுப் போ"ன்னு மட்டும் சொன்னா. ஆட்டோவுலயே போனோம். ஆனா ஆட்டோ இதுக்குத் தீர்வு இல்லன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

நான் எஞ்சினியர், அதனால எஞ்சினியர் செய்யுற காரியத்தைத்தான் செஞ்சேன். ஸ்ப்ரெட்ஷீட் திறந்தேன். எப்பத் தூங்குனா, எப்ப முழிச்சா, பகல்ல எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும், முழிக்கிறப்ப வெளியில என்ன சத்தம், யாரு எந்திரிச்சது. 21 நாள் லாக்.

முதல்ல சந்தேகப்பட்டது சத்தத்தை. மார்கழியில விடியக்காலை ஸ்பீக்கர் இருந்துச்சு, சரி. பொங்கல் முடிஞ்சு அது நின்னுருச்சு. இவ நிக்கல. பாங்கு சத்தமோன்னு நினைச்சோம். ஆனா பஜ்ரு நேரம் வருஷம் முழுக்க ஒண்ணு கிடையாது, சூரியனோட சேர்ந்து நகரும். ஜனவரியில இங்க அஞ்சு மணிக்கு மேலதான். பாங்கு சொல்றப்ப இவ பாலைக் குடிச்சு முடிச்சு டம்ளரைத் தூக்கி எறிஞ்சுக்கிட்டிருப்பா. பால்காரர் வண்டி 5.10. மேம்பால வேலைச் சத்தம் சில ராத்திரி உண்டு, சில ராத்திரி இல்ல. ரெண்டு மாதிரி ராத்திரியிலயும் 4.40 மாறல. கடைசியா மேலூர்ப் பக்கம் அம்மாச்சி ஊருக்குப் போய் ரெண்டு நாள் இருந்தோம். அங்க ஒரு சத்தமும் இல்ல. சேவல்கூட எந்திரிக்கல. 4.40-க்கு, "ப்பா, பால்."

அடுத்து வெளிச்சம். இதுலதான் நான் காசை விட்டேன். இங்கிலீஷ்ல இதைப் பத்திப் படிச்சா எல்லாரும் முதல்ல சொல்றது, ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போடுங்க. 2,400 ரூபாய்க்கு வாங்கி மாட்டியாச்சு. ஒரு வாரம் கழிச்சுத்தான் உறைச்சுச்சு: இதை எழுதுறவங்க எங்க இருந்து எழுதுறாங்க? லண்டன்ல ஜூன் மூணாவது வாரத்துல சூரியன் உதிக்கிறது காலையில 4.43-க்கு. அங்க குழந்தை 4.40-க்கு எந்திரிச்சா அது சூரியன் எழுப்பினது. மதுரையில ஜூன்லயே சூரியன் வர ஆறு மணி ஆகும், ஜனவரியில ஆறரை தாண்டிரும். போதாததுக்கு நம்ம இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வச்சது. மதுரை இருக்கிறது 78-ஐ ஒட்டி. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம்னா, நம்ம கைக்கடிகாரம் நம்ம ஊர்ச் சூரியனைவிட 17, 18 நிமிஷம் முன்னாடி ஓடுது. 4.40-க்கு எங்க ஜன்னலுக்கு வெளியில கும்மிருட்டு. அந்த இருட்டை மறைக்கத்தான் நான் 2,400 ரூபாய்க்குத் திரை வாங்கிருக்கேன்.

ஆனா லாக்ல வெளிச்சம் இருந்துச்சு. 4.42: டியூப்லைட். 4.45: பால். 4.50: போன்ல யானைப் பாட்டு, நாங்க கண்ணை மூடிப் படுத்துக்கிட்டு. எல்லா நாளும் இதே வரிசை. போட்டது நாங்கதான்.

இது ஏன் முக்கியம்னு புரியணும்னா கொஞ்சம் உள்ள போகணும். தூக்கத்தை ரெண்டு விஷயம் சேர்ந்து நடத்துது. 1982-ல அலெக்சாண்டர் போர்பெலிங்கிற ஆராய்ச்சியாளர் இதை ஒரு மாடலா எழுதுனார், இன்னமும் எல்லாரும் அதுல இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க. ஒண்ணு தூக்க அழுத்தம். பசி மாதிரி, முழிச்சிருக்கிற நேரமெல்லாம் ஏறிக்கிட்டே போகும், தூங்கத் தூங்க இறங்கும். இன்னொண்ணு உடல் கடிகாரம். இப்ப ராத்திரியா பகலான்னு உடம்புக்குச் சொல்ற கடிகாரம், அது பெரும்பாலும் கண்ணுல படுற வெளிச்சத்தை வச்சுத்தான் தன்னைத் திருத்திக்கும். எட்டு மணிக்குத் தூங்குன குழந்தைக்கு விடியக்காலை நாலு, நாலரை மணிக்கு அழுத்தம் கிட்டத்தட்டக் காலியாகியிருக்கும். கடிகாரம் ஒண்ணுதான் அவளை இன்னமும் பிடிச்சு வச்சிருக்கும். ராத்திரி பத்து மணிக்குப் பக்கத்துல பாத்திரம் விழுந்தாலும் அசையாத பிள்ளை, நாலரைக்கு நீங்க புரண்டு படுத்தா முழிக்கிறது அதனாலதான். எல்லாரும் ராத்திரியில பல தடவை லேசா முழிச்சுட்டுத் திரும்பத் தூங்குறோம், காலையில ஞாபகம் இருக்காது. பாப்பாவும் அப்படித்தான் 4.40-க்கு லேசா முழிச்சிருப்பா. திரும்பித் தூங்குறதுக்குள்ள நாங்க டியூப்லைட்டைப் போட்டு, பாலைக் கொடுத்து, யானையை ஆட விட்டு, "இதுதான் காலை"ன்னு கடிகாரத்துக்குச் சொல்லிட்டோம். கடிகாரம் அதைப் பத்திரமா எழுதி வச்சுக்கிச்சு. மறுநாள் அது பங்சுவலா எழுப்பி விட்டுச்சு.

குழந்தைங்க கண்ணு வெளிச்சத்துக்கு எவ்வளவு கூச்சப்படும்னு ஒரு ஆய்வு இருக்கு. அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்துல, 2018-ல வந்தது. மூணுல இருந்து அஞ்சு வயசுப் பிள்ளைங்களுக்குத் தூங்குறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் பிரகாசமான வெளிச்சம் காட்டுனா, ராத்திரியில சுரக்குற மெலடோனின் கிட்டத்தட்ட 88 சதவீதம் குறைஞ்சிருச்சு. பத்துப் பிள்ளைங்களை வச்சுப் பண்ண சின்ன ஆய்வுதான், அதுவும் சாயங்கால வெளிச்சத்துக்கு. இருந்தாலும் அதைப் படிச்ச அன்னைக்கே டியூப்லைட் சுவிட்ச் மேல செலோடேப் ஒட்டிட்டேன்.

சரி, இன்னும் ஒரு கேள்வி மிச்சம். இவளுக்குத் தூக்கம் பத்தலையா? இதுக்கும் லாக்ல பதில் இருந்துச்சு, நான்தான் அந்த காலத்தைக் கூட்டிப் பாக்கல. ராத்திரி 8 மணியில இருந்து 4.40 வரைக்கும் 8 மணி 40 நிமிஷம். அப்பத்தா வீட்டுல காலையில 9 மணிக்கு ஒன்றரை மணி நேரம், மத்தியானம் 2 மணிக்கு ஒன்றரை மணி நேரம். மொத்தம் 11 மணி 40 நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொன்ன கணக்கு, ஒண்ணு ரெண்டு வயசுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11-ல இருந்து 14 மணி நேரம். அப்ப இவளுக்கு ஒரு குறையும் இல்ல! ராத்திரியோட கடைசித் துண்டை வெட்டி எடுத்துட்டுப் போய், காலை 9 மணிக்கு சிம்மக்கல்ல வச்சுத் தூங்கிட்டிருக்கா. தூக்கம் பத்தாதது எங்க ரெண்டு பேருக்குத்தான்.

ரெண்டு பேருக்குன்னு சொன்னேன்ல, அதுவும் பொய்யின்னு அதே ஸ்ப்ரெட்ஷீட் காட்டுச்சு. "எந்திரிச்சது யார்"னு ஒரு காலம் போட்டிருந்தேன்ல. சும்மா போட்டது. 21 நாள்ல அவ 18, நான் 3. அந்த மூணுல ஒண்ணு அவ காய்ச்சல்ல கிடந்த நாள். நான் லேட்டாத் தூங்குறவன், பாவம். அவ எப்படியும் சீக்கிரம் எந்திரிக்கிறவன்னு எனக்குள்ளயே ஒரு கணக்கு ஓடிக்கிட்டிருந்திருக்கு. அவ ராத்திரி ஒன்பதரைக்குப் படுத்துருவான்னுதான் நானும் நினைச்சேன். படுக்கல. அந்த நேரத்துலதான் அவ பேப்பர் திருத்துறா, மறுநாளைக்குக் காய் நறுக்கி வைக்கிறா. நான் ஹெட்போன் மாட்டிக்கிட்டு உள்ள இருந்தேன்.

லாக்கை அவகிட்ட காட்டுனேன். (எங்க வீட்டுல நாங்க ரெண்டு பேரும் வா, போன்னுதான் பேசிக்குவோம். எங்க அம்மாவுக்கு இன்னமும் அதுல வருத்தம்.) அவ பாத்துட்டு, "இது தெரியுறதுக்கு உனக்கு எக்செல் வேணுமா?"ன்னு கேட்டா. பதில் சொல்லல. சொல்ல ஒண்ணும் இல்ல.

மறுநாள் லீட்கிட்டப் பேசுனேன். வாரத்துல மூணு நாள் என்னால ஒன்பது மணிக்கு மேல கால்ல இருக்க முடியாதுன்னு சொன்னேன். ரெண்டு நாள் கிடைச்சுச்சு. சனி ராத்திரியையும் சேர்த்து மூணு காலை என்னோடது, அந்த ராத்திரிகள்ல நானும் ஒன்பதரைக்குப் படுத்துருவேன். மத்த நாலு அவளோடது, ஆனா அந்த நாள்ல ராத்திரிப் பாத்திரமும் நறுக்குற வேலையும் எனக்கு. கேக்கக் கூச்சமா இருந்துச்சு, ஒத்துக்குறேன். ஆபீஸ்ல குழந்தைக்காகன்னு ஒரு ஆம்பள கேட்டா ஒரு செகண்ட் அமைதியாகிறாங்க பாருங்க, அந்த அமைதி.

இனி பாப்பாவை என்ன பண்ணோம்னு சொல்றேன். முதல்ல ஒரு தப்பு வழி: லேட்டாத் தூங்க வச்சா லேட்டா எந்திரிப்பான்னு நினைச்சு ரெண்டு நாள் பத்து மணி வரைக்கும் விளையாட விட்டோம். 4.30-க்கு எந்திரிச்சு, நாள் பூராவும் நைநைன்னு அழுதா. கடிகாரம் ஒரே நாள்ல நகராது. பஸ்ல ஜன்னல் சீட்டுல துண்டைப் போட்ட மாதிரி அது அந்த நேரத்துல உக்காந்துக்கிச்சு.

அப்புறம் பண்ணது இதுதான். 5.45 வரைக்கும் ராத்திரின்னு நாங்க முடிவு பண்ணோம். அதுக்கு முன்னாடி முழிச்சா லைட் கிடையாது, போன் கிடையாது, பால் கிடையாது, தூக்கிட்டு நடக்குறது கிடையாது. அழ விட்டுட்டு வெளியில போறதும் கிடையாது, அது எங்களால முடியாது. பக்கத்துலயே படுத்து, முதுகுல தட்டி, ஒரே வாக்கியம்: "இன்னும் ராத்திரிதான்டா." தாகம்னா ரெண்டு மடக்குத் தண்ணி. முதல் நாலு நாள் கொடுமை. ஒரு நாள் 50 நிமிஷம் அழுதா. கீழ் வீட்டு அக்கா காலையில படியில நிறுத்தி, "பிள்ளைக்கு என்ன தம்பி, வயித்து வலியா?"ன்னு கேட்டாங்க. அஞ்சாவது நாள் அழாம, இருட்டுக்குள்ள படுத்துக்கிட்டுத் தனக்குத்தானே ஏதோ பேசிக்கிட்டிருந்தா. எட்டாவது நாள் 5 மணி வாக்குல திரும்பித் தூங்கிட்டா. நான் தூங்கல. நம்ப முடியாம மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.

5.45 ஆனதும் பெரிய டிராமா. திரையை விலக்கி, லைட்டைப் போட்டு, "விடிஞ்சிருச்சு!"ன்னு கத்தணும். அந்த 2,400 ரூபாய்த் திரைக்கு இந்த ஒரு வேலை கிடைச்சுச்சு. அதுல இருந்து அவளே இருட்டுல கேப்பா: "விஞ்சா?" இல்லடா. கொஞ்ச நேரம் கழிச்சு: "விஞ்சா?" இல்லடா, இன்னும் ராத்திரிதான்.

கஷ்டமான பாதி சிம்மக்கல்லதான் இருந்துச்சு. அந்தக் காலை 9 மணித் தூக்கத்தை நகர்த்தணும். அது இருக்கிற வரைக்கும், விட்ட தூக்கத்தை அங்க பிடிச்சுக்கலாம்னு உடம்புக்குத் தெரியும். எங்க அம்மா கேட்டதும் சொன்னாங்க, "தூங்குற பிள்ளையை எழுப்புனா பாவம்டா. கண்ணு சொருகுற பிள்ளையைத் தூங்கவிடாம வைக்கச் சொல்றியே, நீ அப்பனா?" அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. அவங்களுக்கு அந்த ஒன்றரை மணி நேரத்துலதான் சமையல் முடியும், குளிக்க முடியும். நான் அவங்ககிட்டக் கேட்டது குழந்தையோட தூக்கத்தை மட்டும் இல்ல, அவங்க ஓய்வையும் சேர்த்துத்தான். அது புரிஞ்ச பிறகுதான் பேச்சு நகர்ந்துச்சு. மத்தியானச் சமையலை நாங்களே காலையில கொடுத்துவிட ஆரம்பிச்சோம். அவங்க மூணு நாளைக்கு ஒரு தடவை 15 நிமிஷம் தள்ளுனாங்க. 9.15, 9.30. தூக்கம் சொக்குறப்ப மாடிக்குக் கூட்டிட்டுப் போய் வெயில்ல புறா காட்டுறது, வாளித் தண்ணியில விளையாட விடுறது. ஆறு வாரத்துக்கு மேல ஆச்சு, ரெண்டு தூக்கம் ஒண்ணாகி மத்தியானம் 12.30-க்கு வந்து நிக்க. நடுவுல சளி பிடிச்ச ஒரு வாரம் எல்லாம் பழையபடி ஆயிருச்சு, திரும்ப ஆரம்பிச்சோம்.

அந்தச் சளி வாரத்துல ஒரு சொந்தக்காரர், "சளி சிரப் ஒரு மூடி கூடக் கொடுங்க, பிள்ளை எட்டு மணி வரைக்கும் எந்திரிக்காது"ன்னு ரொம்ப அன்பாச் சொன்னார். இதைக் கேக்குற யாராவது அந்த யோசனையில இருந்தா, தயவுசெஞ்சு வேண்டாம். சளி சிரப்கள்ல பரவலா இருக்கிற ஒரு கலவை, குளோர்பெனிரமைனும் பினைலெப்ரினும் சேர்ந்தது, அதை நாலு வயசுக்குக் கீழ கொடுக்கக்கூடாதுன்னு பாட்டில்லயே அச்சடிக்கணும்னு இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் 2023 டிசம்பர்ல உத்தரவே போட்டிருக்கு. தூக்கத்துக்காகக் கொடுக்குற மருந்து இல்ல அது.

டாக்டர்கிட்டப் போனோமான்னு கேட்டா, போனோம், முதல் வாரத்துலயே. குறட்டை விடுறாளா, வாயைத் திறந்து மூச்சு விடுறாளா, ராத்திரி பூராவும் காலை உதறிக்கிட்டே இருக்காளான்னு கேட்டாங்க. மூக்குக்குப் பின்னாடி அடினாய்டு வீங்கியிருந்தாலும், உடம்புல இரும்புச்சத்து குறைஞ்சிருந்தாலும் பிள்ளைங்க தூக்கம் கெடும். தேசிய குடும்பநல ஆய்வுல, 2019-21 கணக்குப்படி, தமிழ்நாட்டுல ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசுக்குள்ள 57 சதவீதப் பிள்ளைங்களுக்கு ரத்தசோகை இருக்கு. அது சின்ன நம்பர் இல்ல. எங்க விஷயத்துல ரத்தம் சரியா இருந்துச்சு. உங்க வீட்டுல அப்படி அறிகுறி இருந்தா நான் சொல்ற செலோடேப், திரை எதுவும் உதவாது. முதல்ல அதைப் பாருங்க.

இப்ப கணக்கு என்னன்னா, ராத்திரி 8 மணியில இருந்து 5.50 வரைக்கும், மத்தியானம் ஒண்ணே முக்கால் மணி நேரம். கூட்டிப் பாருங்க, 11 மணி 35 நிமிஷம். மூணு மாசம் போராடி மொத்தத் தூக்கத்துல ஒரு நிமிஷம்கூட நாங்க கூட்டல, அஞ்சு நிமிஷம் குறைஞ்சிருக்கு. ஏழு மணி வரைக்கும் தூங்குற பிள்ளைங்க எங்கேயோ இருக்காங்களாம். எங்களுக்கு 5.50 போதும். ஸ்கூட்டரைத் திரும்ப எடுத்தது மார்ச் கடைசியில, அதுவும் என் மனைவி பின்னாடி உக்காந்து ஒரு வாரம் கூட வந்த பிறகுதான்.

மே 12-ஆம் தேதி அழகர் ஆத்துல இறங்குனாரு. அன்னைக்குக் கோரிப்பாளையத்துல யாரு தூங்குவா? ஆத்தோரத்துல சொந்தக்காரங்க மொட்டை மாடி ஒண்ணு இருக்கு, ராத்திரி மூணு மணிக்கே எல்லாரும் அங்க கிளம்பிட்டோம். பாப்பாவை அப்படியே தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டேன். தெரு பூராவும் ஜனம், கொட்டு, வாணம், தண்ணி பீய்ச்சுறவங்க. 4.40-க்கு எனக்குத் தானா மணி பாக்கத் தோணுச்சு, பழக்கம். அவ என் கழுத்துல எச்சில் வழிய விட்டுக்கிட்டுத் தூங்குறா. ஆறு மணி வாக்குல, கீழ "கோவிந்தா"ன்னு ஊரே கத்துறப்ப, ஒரு தடவை தலையைத் தூக்குனா. சுத்திப் பாத்தா. என்னைப் பாத்து, "விஞ்சா?"ன்னா.

விடிஞ்சிருச்சுடான்னு சொன்னேன்.

சரி மக்களே, மணி 9.25. இன்னைக்கு என் ராத்திரி, படுக்கணும். அடுத்த எபிசோடுல பாப்போம்.